பூட்டிய கதவுக்கு முன் பால் காய்ச்சிய அக்கா

கள்ளிக்குப்பத்தில் ஒரே காம்பவுண்டில் ஐந்து ஷீட் வீடுகள். பக்கத்து வீட்டு அக்கா கம்பெனி கேன்டீனில் வேலை பார்ப்பவர். ஆவடி பக்கம் கட்டிய அரசுக் குடியிருப்பில் எங்கள் இருவருக்கும் மூன்றாம் மாடியில் எதிரெதிர் வீடு ஒதுக்கியிருந்தார்கள். கட்டி முடித்து, அடித்த பெயின்ட்டே வெளுக்க ஆரம்பித்துவிட்டது, சாவிதான் வரவில்லை. முதலில் கரண்ட் இல்லை என்றார்கள், பிறகு தண்ணீர் இல்லை, அப்புறம் திறப்பு விழாவுக்குத் தேதி இல்லை. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கிடையில் ஹவுஸ் ஓனர், ஆடி முதல் வாரமே ஷீட் வீடுகளை இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். ஆடியில் யார் குடி போவார்கள்? ஆனிக்குள் சாவி வராவிட்டால் எங்களுக்குத் தெருதான்.

ஆனியின் கடைசி நல்ல நாளும் வந்தது. அக்கா சின்ன கேஸ் அடுப்பும் பால் பாக்கெட்டுமாகக் குடியிருப்புக்குக் கிளம்பினார். நானும் போனேன். வாட்ச்மேனிடம் என்ன சொன்னாரோ, மேலே விட்டுவிட்டார். அக்கா தன் வீட்டின் பூட்டிய கதவுக்கு முன்னால் கோலம் போட்டு அடுப்பைப் பற்றவைத்தார். பால் காய்ச்சிவிட்டால் குடி போன கணக்கு. சாமான் எப்போது போனாலும் குற்றமில்லை.

"பூட்ன ஊட்டுக்கு எவளாவது பால் காய்ச்சுவாளாக்கா?" என்று சிரித்தேன்.

"ஊடு என்னுது. பூட்டுதான் அவுங்களுது. நீ இன்னாத்துக்கு சிரிக்கிற?"

பால் பொங்கி வழிந்து, கதவின் அடி இடுக்கு வழியாக உள்ளே ஓடியது. "பாத்தியா, எனக்கு முன்னாடி பாலு பூந்துகினு போவுது" என்றார். மிச்சத்தைப் பேப்பர் கப்பில் ஊற்றி எனக்கும் கொடுத்தார். அந்தத் தைரியம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

சொல்லிவைத்தாற்போல் ஆடி மூன்றாம் தேதி சாவி வந்தது. அக்கா அன்றைக்கே போய்விட்டார். என் மாமியாரோ ஆடியில் புது வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஓனர் ஷீட்டைக் கழற்ற ஆட்களோடு வந்து நின்றார்.

பின்னாலேயே சாமான் ஏற்றும் ஒரு குட்டியானை வண்டி. உள்ளேயிருந்து அக்கா குதித்தார்.

"யம்மா, ரெண்டு ஊட்டுக்கும் சேத்துதான் ஆனியிலயே பால் காய்ச்சினேன். உன் மருமவ குடிச்சிட்டா. இன்னும் இன்னா ஆடி? ஏறு வண்டில."

மாமியார் என்னை முறைத்தார். "குடிச்சியா?"

"குடிச்சேன் அத்தே."

குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தது மாமியார்தான்.