கடைசி வருடம் யார் பார்த்துக்கொண்டது

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ரேவி மகளுக்கு நகம் வெட்டுவான். இடது சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலையும் தன் கட்டைவிரல்மேல் கிடத்தி, நுனியை மட்டும் நறுக்கி, துண்டுகளை முழங்காலில் விரித்த செய்தித்தாளில் சேர்ப்பான். ஆறு வயது ஹூயா வெட்டாத கையால் ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருப்பாள். பத்தும் முடிந்ததும் அவள் பை காரில் ஏறும். நான்கு மணிக்கு ஹூயா அவள் அம்மா ஜனீனின் வீட்டில் இருக்க வேண்டும். அவனும் ஜனீனும் பிரிந்து இரண்டு வருடமாக ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. ஒரு நாள்கூட யாருக்கும் கூடியதில்லை.

அந்தக் குளிர்காலம் அவர்கள் ஊரான ஓபோடிகியில் கிவிப்பழ சீசன் முடிந்து, பழம் அடுக்கும் கொட்டகையில் ரேவிக்கு வேலை போனது. ஜனீனுக்கு முதியோர் இல்லத்தில் இருந்த வேலை நேரமும் பாதியானது. இருவரும் தனித்தனியாக அரசு உதவிக்கு எழுதிப்போட்டார்கள். பிள்ளை வளர்ப்பவருக்கான உதவி ஒருவர் பெயருக்குத்தான் போகும் என்றது அலுவலகம். பெயர் வராதவர் அவர்கள் ஏட்டில் பிள்ளையில்லாத தனியாள். காட்டுகிற ஊரில் காட்டுகிற வேலைக்குப் போயாக வேண்டும். ரேவிக்கு ஒன்று காத்திருந்தது. இரண்டு மணி நேரத் தொலைவில் மர ஆலை, ஷிப்ட் வேலை. அங்கே போனால் ஹூயாவின் வாரம் போய்விடும்.

ஜனீனை முதலில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த ஞாயிறு பையை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"உன்ன என்னிக்கு வரச் சொன்னாங்க?"

"வியாழன்."

"ஷேவ் பண்ணிட்டுப் போ. காணாமப்போனவன் போட்டோ மாதிரி இருக்க."

"சரி."

"உள்ளத உள்ளபடி சொல்லு ரேவி. வேற ஒண்ணும் வேணாம்."

அவன் அதை ஓர் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டான்.

வியாழனன்று அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் நைரி அத்தை இருந்தாள். சொந்தமில்லை. அவன் அம்மாவோடு நெட்பால் ஆடியவள். ஊரில் பாதிப் பேருக்கு அத்தை.

"பல் டாக்டர்கிட்ட யாரு கூட்டிட்டுப் போறா?"

"மாத்தி மாத்தி."

"ஷூ வாங்குறது?"

"ஜனீன்."

"நகம் வெட்டுறது?"

"நான்."

"பேன் பாக்குறது?"

"அது ரெண்டு வீட்டுக்கும் சமமா வரும் அத்தை."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உங்க ரெண்டு பேரையும் தராசுல வச்சா முள்ளே நகராது போல. இப்படி வந்தா நீங்க பிரியறதுக்கு முன்னாடி எப்படின்னு பாக்கச் சொல்றாங்க. சேந்து இருந்த கடைசி ஒரு வருஷம் புள்ளைய யாரு பாத்துக்கிட்டா?"

கடைசி வருடம். இரண்டாவது குழந்தை மூச்சில்லாமல் பிறந்த பிறகு படுத்த ஜனீன் எட்டு மாதம் எழுந்திருக்கவில்லை. ஹூயாவுக்கு ஊட்டியது, குளிப்பாட்டியது, ஊசி போட அழைத்துப்போனது எல்லாம் அவன். சொன்னால் அத்தை தட்டச்சு செய்வாள். தாய் எழுந்திருக்கவில்லை என்ற வரி ஜனீன் பெயரோடு அந்தக் கோப்பில் கிடக்கும்.

விசைப்பலகையின்மேல் அத்தையின் விரல்கள் நின்றிருந்தன. வெளியே யாரோ காரைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டு, நின்றது.

"ஜனீன்தான்."

"வருஷம் முழுக்கவா?"

"ஆமா."

"யோசிச்சுச் சொல்லு கண்ணு."

"அவதான் பாத்துக்கிட்டா அத்தை."

அவள் அவனைப் பார்த்துவிட்டு அதைத் தட்டச்சு செய்தாள்.

உதவி ஜனீன் பெயருக்குப் போனது; குளிர்காலம் முடியுமுன், ஆகஸ்டில், அவன் மர ஆலையில் சேர்ந்தான். பலகை வரும், அடுக்குவான், அடுத்த பலகை வரும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஹூயா வந்தாள். முதல் சில தடவை போகும்போது அழுதாள். பிறகு அழவில்லை. அவனும் அதைக் கவனித்ததோடு சரி.

அடுத்த மார்ச்சில் வேறொரு காரியத்துக்காகக் கோப்பின் நகல் கேட்டு வாங்கினான். உள்ளே ஜனீனின் வாக்குமூலம் இருந்தது. தேதி, அவன் விசாரணைக்குப் போனதற்கு ஒன்பது நாள் முன்பு. கடைசி வருடம் தான் படுக்கையில் கிடந்ததாகவும், மகளைப் பார்த்துக்கொண்டது முழுக்க ரேவிதான் என்றும், உதவியை அவன் பெயருக்கே கொடுக்கும்படியும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே நைரி அத்தை ஒரே வரி சேர்த்திருந்தாள்: தந்தை இதை மறுக்கிறார்.