காப்பி பூத்தால் ஜன்னலைச் சாத்து

கோடை மழைக்குப் பின் காப்பி பூத்து வீடெல்லாம் மணக்கிறது. எனக்கோ எரிச்சலாக வருகிறது.

ஏற்காட்டுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு நான் எடுத்தது தொழிற்கல்வி, விவசாயப் பிரிவு. வகுப்புக்கு வெளியே காப்பித் தோட்டம். உள்ளே வருஷம் முழுக்க நெல் சாகுபடி. எங்களில் ஒருத்தரும் வயலில் கால் வைத்ததில்லை.

இதே வாசனை வந்த அன்று, "ஏனுங்க சார், காப்பியைப் பத்தி எப்பங்க சொல்லித் தருவீங்க?" என்று கேட்டேன்.

"அது பரீட்சைக்கு வராது கண்ணு. ஜன்னலைச் சாத்து."

செய்முறைக்கென்று சேலத்திலிருந்து பஸ்ஸில் அவர் கொண்டுவந்த நெல் நாற்று மலைக்குளிரில் வெளுத்துச் செத்தது. செத்ததையே வரையச் சொன்னார்.

இப்போது என் மகளும் அதே பிரிவு. நெல் வயலுக்குப் பச்சை தீட்டிக்கொண்டே, தலைநிமிராமல் சொல்கிறாள்:

"நொம்ப வாசமா இருக்குதும்மா, படிக்கவே முடியல. ஜன்னலைச் சாத்துங்க."