கண்டக்டர் கொளஞ்சியின் பூசணித் தோட்டம்

கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து காலையில் கிளம்பும் சிதம்பரம் பஸ்ஸில் முதல் சீட் என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனாலும் என்னுடையதுதான். சிதம்பரம் கீழவீதியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஜன்னலோரம் போய்விடுமே என்று பஸ் கிளம்புவதற்கு ரொம்ப முன்னாடியே வந்து ஏறி உட்கார்ந்துவிடுவேன். அதனால் டிரைவர் ஆரோக்கியராஜும் கண்டக்டர் கொளஞ்சியும் பேசிக்கொள்வதெல்லாம் என் காதில் விழும். விழாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

கொளஞ்சிக்கு நாற்பது வயசு இருக்கும். விருத்தாசலம் பக்கத்து விவசாயக் குடும்பம். கிளீனராக வந்து கண்டக்டர் ஆனவர். பையைத் தோளில் மாட்டிவிட்டால் அவருக்கு உறவும் கிடையாது, சிநேகமும் கிடையாது. டிக்கெட் எடுக்காமல் நழுவப் பார்த்த சொந்தச் சித்தப்பாவை ஆலப்பாக்கத்தில் இறக்கிவிட்ட மனுஷன். மனைவியையும் மகளையும் தன் பஸ்ஸில் ஏற்றுவதே இல்லை. "டிக்கெட் போட்டுத்தான் ஏத்துனேன்னு சொன்னா எவன் நம்புவான்? வேற பஸ்ஸுல வரட்டும்" என்பார். வீட்டிலும் 'டியூட்டிக்குப் போறேன்' என்று மட்டும்தான் சொல்வாராம். ஏழு வயசு மகள் இலக்கியாவைப் பொறுத்தவரை அப்பா போகிற ஊரின் பெயரே டியூட்டி.

இப்படிப்பட்ட ஆள் ஒரு நாள் காலையில் பஸ்ஸின் பின்படியில் உட்கார்ந்து கைப்பேசியில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கலர் கலராக ஒரு தோட்டம். தொப்பி வைத்த குட்டிப் பொம்மை ஒன்று பூசணிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாளெல்லாம் கடையில், போன் பார்த்தே கண் கெட்டுப்போன, பால்பல் விழாத பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவள் நான். அந்தப் பிள்ளைகளைத் திட்டலாம். தலை நரைத்த கண்டக்டரை என்ன சொல்வது?

"ஏங்க, உங்களுக்கே இது நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு இல்ல பவானிக்கா, பாப்பாவுக்கு. ஆடலாமா, ஆடக்கூடாதான்னு பாத்துச் சொல்லணும். வூட்டுல உத்தரவு" என்றார், பரீட்சை எழுதுகிற பிள்ளையின் முகத்தோடு.

விஷயம் இதுதான். செம்மண்டலத்தில் கொளஞ்சி குடும்பமும் ஆரோக்கியராஜ் குடும்பமும் ஒரே தெருவில் இருந்தவர்கள். இலக்கியாவும் ஆரோக்கியராஜின் மகள் ஜான்சியும் நடக்கப் பழகிய நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். ஆரோக்கியராஜின் மனைவிக்குச் சிதம்பரத்தில் நர்ஸ் வேலை கிடைத்ததும் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு அங்கே போய்விட்டார்கள். அன்றிலிருந்து இலக்கியா வாடிப்போய்விட்டாள். வீடியோ காலில் போட்டுக் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்குமாம்.

இந்த நேரத்தில்தான் ஜான்சி ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் ஆடும் விளையாட்டில் ஒரு கிராமம் இருக்கிறது. அதில் ஆற்றின் அக்கரையில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இலக்கியாவுக்கும் ஒரு வீடு கட்டி வைத்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜான்சிக்குப் பிறந்தநாள். அதற்குள் இலக்கியா பாலத்தைத் தாண்டி அந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

கொளஞ்சியின் மனைவி தமிழ்ச்செல்வி வடலூர்க்காரி, வள்ளலார் வழியில் வந்த குடும்பம். அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு: புதிதாக எது வந்தாலும் பெரியவர்கள் தொட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளை கைக்குப் போகும். பிஸ்கட்டில் ஆரம்பித்துப் பள்ளிக்கூட வேன் வரைக்கும் அப்படித்தான். "நீங்க ஆடிப் பாருங்க. சரின்னா குடுப்போம், இல்லன்னா அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த இரண்டாவது பாதிக்குத்தான் கொளஞ்சி பயந்தார்.

"மூணு வயசுக்கு மேல யாரும் ஆடலாம்னு போட்டிருக்கான். யாரு வூட்டு மூணு வயசுன்னு போடலியே" என்று புலம்பினார்.

மனுஷன் வேலையில் குறை வைக்கவில்லை. ஓடுகிற பஸ்ஸில் கைப்பேசியைத் தொடமாட்டார். நிலையத்தில் நிற்கிற நேரமெல்லாம் ஆட்டம்தான். முகம் தெரியாதவர்கள் உள்ளே வந்து பேச முடியுமா என்று பார்த்தார். நாம் சேர்த்துக்கொண்டவர்கள் மட்டுமே வரலாம், அதனால் ஜான்சியை மட்டும் சேர்த்தார். காசு கேட்கிற பொத்தானைத் தேடிப் பிடித்துப் பூட்டுப் போட்டார். பாதியில் நிறுத்தினால் செடி செத்துப்போகிறதா என்றும் சோதித்தார். சாகவில்லை, அப்படியே இருந்தது. "இது நல்ல கண்டக்டரு. எறங்கணும்னா எறக்கி வுட்டுடுது" என்று சான்றிதழ் கொடுத்தார். திட்ட வந்த நான் செவ்வாய்க்கிழமைக்குள் பூசணிக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கம்தான், என்ன செய்வது.

புதன்கிழமை பாலத்தடிக்குப் போனோம். அங்கே ஒரு தொப்பிக்காரன் வழிமறித்து நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரே பனிமூட்டம், அக்கரை தெரியவில்லை. பாலம் திறக்க வேண்டுமென்றால் ஒரு கூடை மீன் பிடித்துக் கொடு, இல்லாவிட்டால் வண்டி நிறையப் பூசணி கொண்டு வா என்றான்.

கொளஞ்சி தூண்டிலைப் போட்டார். போட்ட மாத்திரத்தில் மீன் ஒன்று துள்ளி வந்தது. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் சுறாப்புட்டு என்றால் உயிரை விடுகிற மனுஷன் அவர். தமிழ்ச்செல்விக்காக ஒரே நாளில் விட்டவர். அடுத்த நிமிஷமே முகம் சுருங்கிவிட்டது. மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டார்.

"பொம்மை மீனுதானே?" என்றேன்.

"பொம்மைதான்க்கா. ஆனா எறும்ப மிதிக்காத, எறும்ப மிதிக்காதன்னு சொல்லிச் சொல்லி வளத்த புள்ள. அது கையில தூண்டிலக் குடுத்து இது மட்டும் பரவாயில்லன்னு எப்படிச் சொல்றது?"

ஆரோக்கியராஜ் டீயைக் குடித்து முடித்து வந்தார். "போனை இப்டிக் குடு மச்சான். நான் புடிச்சித் தர்றேன். எங்க வூட்டுல ஞாயித்துக்கிழமையே மீன்கொழம்புதான், பாவம் வந்தா என்னோட போவட்டும்."

"பக்கத்து சீட்டுக்காரன் டிக்கெட்டக் காட்டி எறங்கச் சொல்றியா?" என்று கொளஞ்சி கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆக, பூசணிதான் வழி. ஆனால் பூசணி காலையில் நட்டால் மாலையில்தான் காய்க்கும். வியாழன் நட்டோம், வெள்ளி நட்டோம். வண்டி பாதிதான் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நிறையாது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கொளஞ்சி டிக்கெட் கொடுக்கும்போது கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. மகளிடம் எப்படிச் சொல்வது என்கிற கவலை அவரை அரித்துக்கொண்டிருந்தது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. பார்த்தே இராத ஒரு குழந்தைக்காக நான் அப்படி வருத்தப்பட்டது எனக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை காலை அவர் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டார். தமிழ்ச்செல்வி அதை எடுத்துக்கொண்டு மகளோடு நிலையத்துக்கு வந்தாள். இலக்கியாவை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. அவளும் அப்பாவின் பஸ்ஸை அன்றுதான் பக்கத்தில் பார்க்கிறாள் போலிருக்கிறது. சக்கரத்தையெல்லாம் தொட்டுப் பார்த்தாள்.

"என்னாங்க முடிவு?" என்றாள் தமிழ்ச்செல்வி.

கொளஞ்சி மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னார். காசு, முகம் தெரியாத ஆள், மீன், பூசணி. "ஆட்டம் ஒண்ணும் தப்பில்ல. ஆனா பாலம் நாளைக்குள்ள தொறக்காது. மீனு புடிச்சாத் தொறக்கும். எனக்கு மனசு வரல" என்றார்.

இலக்கியா இதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. பஸ்ஸின் முன்னால் போய் நின்று மேலே இருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். சி... த... ம்... ப... ர... ம். படித்து முடித்துவிட்டுத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"ஜான்சி ஊரு பேரு ஏம்ப்பா உன் பஸ்ஸுல எழுதியிருக்கு?"

ஆரோக்கியராஜ் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த இரண்டு அப்பன்மாரும் அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் நாளெல்லாம் பஸ் ஓட்டுகிறவர்கள். கூடவே தினமும் போய் வருகிற நான் ஒருத்தி. மூன்று பேரும் சேர்ந்து வாரம் முழுவதும் பூசணி பயிரிட்டிருக்கிறோம். தமிழ்ச்செல்விதான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்த பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

"என் பஸ்ஸுல எப்டி..." என்று கொளஞ்சி ஆரம்பித்தார்.

"டிக்கெட் எடுத்துக்கிட்டு ஏறுறோம். நீங்க கண்டக்டரு, ஏறாதன்னு சொல்ல முடியாது" என்றாள் அவள்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. கடையில் கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என் சீட்டில் இலக்கியா உட்கார்ந்திருந்தாள். பேசாமல் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கொளஞ்சி வண்டி நகர்ந்ததும் முதல் வேலையாக அவர்களிடம் வந்து, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "பாத்துக்குங்க, என் சம்சாரத்துக்கு ஒரு ஃபுல்லு, பொண்ணுக்கு ஒரு அரை" என்று சொல்லிக் கிழித்துக் கொடுத்தார்.

"யாருமே கேக்கல மச்சான்" என்றார் ஆரோக்கியராஜ்.

வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியபோது இலக்கியா எழுந்து நின்றாள். "இதான் அந்தப் பாலமாப்பா?"

"ஆமாம்மா."

"மீனு குடுத்தியா?"

"டிக்கெட் எடுத்தாச்சுல்ல, வுட்டுடுவாங்க" என்றார் கொளஞ்சி.

சிதம்பரம் நிலையத்தில் ஜான்சி புது கவுன் போட்டுக்கொண்டு டேப்லட்டும் கையுமாகத் தன் அம்மாவோடு நின்றிருந்தாள். இரண்டும் கட்டிப் பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் இல்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி, "இங்க வா, உன் வூட்டப் பாரு" என்று ஜான்சி பஸ்ஸுக்குள் ஏறி என் சீட்டில் அவளோடு நெருக்கி உட்கார்ந்தாள். கொளஞ்சி எட்டிப் பார்த்தார். நானும்தான்.

பச்சைக் கதவு வைத்த ஒரு சின்ன வீடு. வாசலில் பெரிய குளம். குளம் கொள்ளாத மீன்.

"இவ்ளோ மீனு எதுக்கும்மா?" என்றார் கொளஞ்சி.

"நான் புடிச்சது மாமா. தொப்பிக்காரன்கிட்ட குடுத்தா சுட்டுத் தின்னுடுவான். இலக்கியாவுக்கு அது புடிக்காதுல்ல. அதான் அவ வூட்டுக் குளத்துலயே வுட்டுட்டேன். பாலத்துக்குப் பூசணி போட்டிருக்கேன், இன்னும் பாதி வண்டி வேணும்."

கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். எங்கள் பாதி வண்டி அதில் இருந்தது. பாலத்தை இரண்டு கரையிலிருந்தும் திறக்கலாம், இரண்டு வண்டியும் ஒரே கணக்கில் சேரும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அது ஜான்சிக்குத்தான் தெரிந்திருந்தது, அங்கே வைத்துத்தான் சொன்னாள். அவர் வண்டியைத் தானே தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை.

"இந்தா, நீ ஆடு" என்று கைப்பேசியை மகள் கையில் கொடுத்தார்.

இலக்கியா தமிழ்ச்செல்வியைப் பார்த்தாள். அவள் தலையசைத்தாள். விரலால் வண்டியைத் தள்ளியதும் தொப்பிக்காரன் விலகிக்கொண்டான், பனி கலைந்தது. இலக்கியாவின் பொம்மை பாலத்தில் ஓடியது. கடலூர் போக ஏறி உட்கார்ந்திருந்த பிள்ளைகளெல்லாம் எட்டிப் பார்த்தன. ஆரோக்கியராஜ் ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார்.

"இருவது நிமிஷத்துக்கு ஒரு தடவ தூரமாப் பாக்கணும்" என்று நான் மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்.

இப்போதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலக்கியா சிதம்பரம் போகிறாள், அடுத்த ஞாயிறு ஜான்சி கடலூர் வருகிறாள். கொளஞ்சி இன்னமும் ஊர் கேட்கிற மாதிரி அரை டிக்கெட் போடுகிறார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் போய் வருகிறேன். முதல் சீட்டைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன், தரமாட்டார்களாம்.