கையிலேயே நின்ற காட்டுமிராண்டிகள்

வெல்டருக்குக் கை முந்தும், வாய் பிறகுதான் வரும். முப்பது வருடமாக இரும்புக் கேட்டும் கிராதியும் ஒட்டுகிற மனிதர். முழங்கை வரை தீப்பொறித் தழும்புகள். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. வீட்டில் ஆளிருந்தும் தைரியமில்லை.

அந்தக் கைதான் ஒருநாள் பட்டறையில், வாடிக்கையாளர்கள் முன்னால், இருபது வயது மகனின் கன்னத்தில் இறங்கியது. கேட்டைப் பிடிக்கச் சொன்னால் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தானாம். அன்றே தாய்மாமன் வீட்டுக்குப் போனவன் ஒன்றரை வருடமாகத் திரும்பவில்லை. போனில் அம்மாவோடு மட்டும் பேசுவான்.

அவன் விட்டுப்போன சீட்டுப் பெட்டியை ஒருநாள் திறந்து பார்த்தார். படை திரட்டி மோதும் மாயாஜாலச் சீட்டு. அத்தனையும் காட்டுமிராண்டி வீரர்கள். கோடரி, சிக்குப் பிடித்த முடி, பல்லைக் கடித்த முகம். எல்லாவற்றின் அடியிலும் ஒரே விதி: மேசையில் இறங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் எதிராளியைத் தாக்கியே தீர வேண்டும்.

"இவனுங்களுக்கு வேற பொழப்பே இல்லையா?" என்றார்.

"கண்ணாடியப் பாத்துக் கேளுங்க," என்றாள் மனைவி.

சுருக்கென்று தைத்தது. மகன் சீட்டாடப் போகும் விளையாட்டுக் கடை எதுவென்று அவளிடமே கேட்டுக்கொண்டு, ஞாயிறு மதியங்களில் அந்தப் பெட்டியோடு போய் உட்கார்ந்தார். ஆட்டத்தைக் கற்றார், கண்டவரிடமெல்லாம் தோற்றார். மானம் போனதுதான் மிச்சம், மகன் வரவில்லை.

நான்காம் மாதம் வந்தான். விவரம் தெரியாத கடைக்காரர் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டார். இருவரும் சீட்டைக் கலைத்தார்கள்.

மகன் புதுக் கட்டிலிருந்து வீரர்களை இறக்கினான், தாக்கினான். வெல்டர் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டை எடுத்துக் கையில் சேர்த்துக்கொண்டு, "முடிஞ்சது, நீ ஆடு" என்றார். அவருடைய இருபது உயிர்ப் புள்ளி இரண்டானது. இன்னும் ஒரு அடி விழுந்தால் ஆட்டம் முடிந்தது. மகனுக்குப் பொறுக்கவில்லை. எட்டி, சீட்டுப் பிடித்த அவர் கையைச் சாய்த்துப் பார்த்தான். அத்தனையும் காட்டுமிராண்டிகள், அவனுடைய பழைய சீட்டுகள்.

"ஏன்ப்பா ஒண்ணக்கூட எறக்கல?"

"எறக்கினா உன்னத்தானேடா அடிக்கணும்?"

மகன் அந்தத் தழும்புக் கையைப் பார்த்தான். பிறகு தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான்.

"அம்மா சமைச்சிருப்பாங்களா?" என்றான்.