பொழுது சாய்ந்தால் வரும் ஸ்டேஷன்

ஈசூனில் எங்கள் குடியிருப்புப் புளோக்கை ஒட்டிய அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் உச்சியில், மாலை நடக்கப் போன இடத்தில் ஒருவரைப் பார்த்தேன். அலுவலக அட்டை இன்னும் அவர் கழுத்தில் தொங்கியது. கையில் சின்ன ஏஎம் ரேடியோ, வெறும் இரைச்சல். இருட்டியதும் அதிலிருந்து ஒரு பாட்டு எழும்பியது. ரேடியோவை ஒரு பக்கம் திருப்பினால் பாட்டு தெளிந்தது, மறுபக்கம் திருப்பினால் கரைந்தது.

“இருட்டுறதுக்கு முன்னால ஏங்க வரல?” என்றேன்.

“வெயில் இருக்கிற வரைக்கும் வானத்துல ஒரு அடுக்கு அலையை விழுங்கிடும். பொழுது போனா அது கலைஞ்சிடும். அப்புறம் அலை அதுக்கும் மேல இருக்கிற இன்னொரு அடுக்குல பட்டுத் திரும்பி, கடல் தாண்டி இங்க வந்து விழும்லா.”

“எந்த ஊர் ஸ்டேஷன்?”

“தெரியாது. என்ன பாஷைன்னே தெரியல. மணி அடிச்சதும் பேர் சொல்வாங்க. அப்பப் பார்த்து மங்கிடும். ரொம்ப நாளா இப்படித்தான்.”

பாட்டு முடிந்து மணி அடித்தது. நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன். ஒரு பெண் குரல் பேசத் தொடங்கியது. அவருடைய விரல்கள் ரேடியோவை மெல்ல மறுபக்கம் திருப்பின.

“பாத்தீங்களா, போயிடுச்சு” என்றார், உண்மையாகவே வருத்தப்படுகிறவர்போல.

கிளம்பும்போது அவர் பெயரைக் கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.