மூங்கில் காட்டிலிருந்து வந்த சரணம்

சென்ற வாரம் இங்கே மலேசியாவில், சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாண விருந்து. பாட்டெழுதுகிறவன் என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கில் தேங்காய்த் துருவலைத் தூவிக் கொண்டுவந்த பெண், "தாத்தா, இது ஸ்பெஷல் லா, சாப்பிடுங்க" என்றாள். ஆவி முகத்தில் பட்டதுமே தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். மரியாதைக்கு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். ஜப்பான்காரன் காலத்தில் அதைத் தின்றே உயிர் பிழைத்தவர்கள் யாரும் அதை விருந்து என்று சொல்ல மாட்டார்கள்.

சிடாம் கிரிப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் இருந்தோம்; ரப்பரைத்தான் கித்தா என்போம். எனக்கு மீசை அரும்பி முடிந்த வயது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போயிருந்தான். பால் வெட்டு நின்றுவிட்டது. அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாது. வேட்டி கிழிந்தால் சாக்கைச் சுற்றிக்கொள்வோம். இதற்கு நடுவில் நான் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். என் அம்மா சிரிக்கவில்லை, ஏசினாள்.

என்னிடம் ஒரு பழைய ஆர்மோனியம் இருந்தது. துருத்தியைக் கரப்பான் அரித்த இடங்களில் கித்தாப் பாலைத் தடவித் துணி ஒட்டியிருந்தேன். ஒவ்வொரு சுரத்தோடும் புளித்த பால் நாற்றம் வரும். "ஏன்டா கவிராயரே, இதுலேர்ந்து பாட்டு வருதா, நாத்தம் வருதா?" என்று மூக்கைப் பொத்திக்கொள்வார் முனியாண்டி அண்ணன். பக்கத்து வீட்டுக்காரர். சொல் என்னுடையது, மெட்டும் மேளமும் குரலும் அவருடையது. இருவரும் சேர்ந்தால்தான் ஒரு பாட்டு.

ஒரு மத்தியானம் கிழங்கு தோண்டப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மரத்தடியில் நனைந்தபடியே அவர் முனகினார். நான் சொல்லைப் போட்டேன்.

கித்தாக் காட்டு மழையே – நீ
எந்த ஊரு மழையே?

பல்லவி வந்துவிட்டது. சரணம் வரவில்லை. "நாளைக்குப் பாப்பம்டா" என்றார்.

அந்த நாளை வரவில்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீடு வீடாக வந்து, சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், ஆம்பளைகள் எல்லாம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். லாரி வந்து நின்றது. நான் குளிர்க்காய்ச்சலில் சாக்குக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த ஜப்பான் சிப்பாய் வேண்டாம் என்று கையசைத்துவிட்டான். காய்ச்சல்தான் என்னைக் காப்பாற்றியது. லாரியில் ஏறுவதற்கு முன் முனியாண்டி அண்ணன் எங்கள் வீட்டுச் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சரணத்த நீ கட்டி வைடா. வந்து பாடுறேன்" என்றார். அவர் மனைவி அஞ்சலை அக்கா நிறைமாதம். லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தவர், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு தோட்டத்தில், என்னுடையதைத் தவிர, இருமல் சத்தம்கூட ஆண் குரலில் கேட்காது. அக்காவுக்கு மகன் பிறந்தான். அவர் தன் வீட்டு மேளத்தைத் தினமும் அடுப்போரம் நகர்த்தி வைப்பார். "ஈரத்துல தோலு தொய்ஞ்சிரும் தம்பி. வந்ததும் அடிக்கணும்ல." காய்ச்சல் விட்டதும் நான் சரணத்தைக் கட்டி முடித்தேன். விடியும், அரிசி வரும், போனவர்கள் வருவார்கள் என்று என்னென்னவோ வாக்குக் கொடுத்திருந்தேன். பெண்கள் கிழங்கு சீவும்போது அதைப் பாடுவார்கள். பாட்டு ஓய்ந்ததும் எல்லாரும் ஒருசேரப் பாதையைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை.

ஜப்பான்காரன் போன பிறகு, லாரியில் போனவர்களில் வீரையா ஒருவர்தான் திரும்பி வந்தார். காலில் புண், கன்னத்தில் குழி. அவருடைய தங்கைக்கே அடையாளம் தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்து பெண்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அது இல்ல. முனியாண்டி வேற மாதிரி பாடுவான்" என்றார். சயாமில் மண் சுமக்கும்போது அண்ணன் தானே கட்டிய சரணத்தைப் பாடுவாராம். வீரையா மெல்லப் பாடிக் காட்டினார்.

மூங்கில் காட்டில் பெய்யிற மழையும்
ஒனக்குத் தங்கச்சியா?
வாசக் கொடியில் காயிற சேல...

அங்கே நின்றுவிட்டார். "அடுத்த அடி?" என்றேன். "அதுக்குள்ள அவனுக்கு வாந்திபேதி கண்டுருச்சு. பாட்டு நின்னுபோச்சு. அவனும் போயிட்டான்."

எனக்கு அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர்தான் முதலில் பேசினார்: "எடுத்து உள்ள போடுடின்னு சொல்லியிருப்பாரு. மழ வந்தா துணிய எடுக்க மறந்துருவேன்னு எப்பவும் ஏசுவாரு." சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் தரையில் சரிந்து அழுதார்.

என் சரணத்தை அன்றோடு விட்டுவிட்டேன். பிற்பாடு நிறையப் பாட்டெழுதினேன், வானொலியிலும் பாடினார்கள். இந்தப் பாட்டை மட்டும் வீரையா நிறுத்திய இடத்திலேயே நிறுத்திப் பாடுகிறோம். "கடைசி வரிய நீங்களே போடுங்க சார்" என்று கேட்கிறவர்கள் உண்டு. என்னால் முடியவில்லை.

இப்போது அங்கே போனால் கித்தா மரமே இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகள் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. வீரையா போய்விட்டார். அஞ்சலை அக்காவும் போய்விட்டார். அக்காவின் காரியம் முடிந்த சில நாளில் மகன் என்னைத் தேடி வந்தான். ஃபேக்டரியில் வேலை, தலை நரைத்துவிட்டது. அப்பனைவிட எத்தனையோ வயது மூத்துவிட்டான்.

"சித்தப்பா, அப்பா கொரலு எப்படி இருக்கும்?"

பாடிக் காட்டினேன். "இது ஒங்க கொரலு சித்தப்பா" என்றான்.

கண்ணை மூடிப் பார்த்தேன். மெட்டு வந்தது. மேளத்தில் விரல்கள் வந்தன. சிரிக்கும்போது தெரியும் அந்தத் தெற்றுப்பல்கூட வந்தது. வாய் அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. இனி கேட்டுச் சொல்லவும் யாருமில்லை.

"தெரியலப்பா" என்றேன்.