ஆறு பொத்தான்கள்

ஆக்குபேஷனல் தெரபி படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று தெரியவில்லை. கை கால் வராதவர்களுக்கும், புத்தி மெதுவாக ஓடுகிறவர்களுக்கும் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொள்ளப் பழக்கும் படிப்பு என்று விளக்கினேன். "அதான் நீ பதினொரு வயசுலயே பண்ணி முடிச்சிட்டியே" என்றாள் அம்மா. பாராட்டு மாதிரி தெரிந்தாலும் அது பாராட்டு இல்லை. ஒரு கோடை விடுமுறையில் பத்து நாள் அந்தத் தொழிலைச் செய்து, மூன்று குடும்பங்களின் ஒரு வருடக் காத்திருப்பைக் கெடுக்கப் பார்த்தவள் நான். ஆரணியில் எங்கள் தெருவில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெரியம்மாவின் மகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்து இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவர்களுமாக இருந்தோம். அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் அதட்டுவது மட்டும் நானாக இருப்பேன். பதிமூன்று வயதில் அப்பாவின் தோள் வரை வளர்ந்திருந்தான். மீசை அரும்பியிருந்தது. பேசுவதென்றால் நாளைக்கு நாலைந்து வார்த்தை. சாப்பாட்டைத் தானே சாப்பிடுவான், சட்டை மாட்டிவிடுவது பெரியம்மாவின் வேலை. யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். அவனிடம் கோபித்துக்கொண்டவர்கள் யாரும் அதைச் சரியாக முடித்ததில்லை.

வேலூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. அடையாள அட்டை கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அட்டை இருந்தால் பிள்ளைக்கும் கூடப் போகிறவருக்கும் பஸ் பாஸும் கிடைக்கும். அதை வாங்க வருடத்துக்கு ஒருமுறை ஊரில் நடக்கும் முகாமுக்குப் போக வேண்டும். அப்போதெல்லாம் ஊனமுற்றோர் முகாம் என்றுதான் துணியில் எழுதிக் கட்டுவார்கள். முந்தின வருடம் பெரியம்மா அவனைக் கூட்டிப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். அன்றைக்கு அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை, எங்கள் வீட்டிலிருந்துதான் சோறு போனது. டாக்டர் இதைச் செய், அதைச் செய் என்று சொல்லிப் பார்த்தாராம், கடைசியில் அட்டை கிடையாது என்றுவிட்டாராம். என் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

மீதியை நானே முடிவு செய்துகொண்டேன். வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற பெண்ணுக்கு இதில் என்ன சந்தேகம் வரும்? அண்ணன் சொன்னதைச் சரியாகச் செய்யவில்லை, அதனால் அட்டை இல்லை. யாரும் அவனைத் தயார் செய்து அனுப்பவில்லை. பெரியவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம் கூடத் தோன்றவில்லையே என்று எனக்கு அவர்கள்மேல் பரிதாபமாக இருந்தது.

அடுத்த முகாமுக்குப் பத்து நாள் இருக்கும்போது வேலையைத் தொடங்கினேன். பெரியப்பா வீட்டுத் தறி அறையை ஒட்டிய நடைதான் என் பள்ளிக்கூடம். எங்கள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர் முகாமுக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்களையும் சேர்த்துக்கொண்டேன். ஒருத்தி எதிர்வீட்டுப் பாப்பா. ஏழு வயது, காது கேட்காது. இன்னொருவன் சைக்கிள் கடை பாயின் மகன். ஒன்பது வயது, போலியோ வந்த காலில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ், கையில் குச்சி. பிள்ளைகள் சத்தமில்லாமல் ஓரிடத்தில் இருந்தால் போதும் என்று பெரியவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். என்ன பாடம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல் நாள் மூன்று பேருக்கும் ஒரே பாடம் நடத்தினேன். எங்கள் டீச்சர் அப்படித்தான் செய்வார். நான் கத்தியது பாப்பாவுக்குக் கேட்கவில்லை. தரையில் உட்காரச் சொன்னதும் பாய் மகனுக்குப் பூட்ஸ் மடங்கவில்லை. அண்ணன் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் பாய் மகனுக்கு ஒரு முக்காலி போட்டேன். பாப்பாவை எனக்கு நேர் எதிரே உட்கார வைத்தேன். அண்ணனை முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் மிரளுகிறான், முன்னால் வந்து நின்று கூப்பிட்டால் வருகிறான் என்று கண்டுபிடித்தேன். இரண்டாம் நாள் யாரும் எழுந்து போகவில்லை.

பாய் மகனுக்கு, குச்சியில்லாமல் இருபது எண்ணும் வரை நடப்பது பாடம். பாப்பாவுக்கு, சத்தம் கேட்டால் திரும்புவது. கேட்காத காதுக்கு அதை எப்படிச் சொல்லித் தருவது என்று ஒரு முழு நாள் யோசித்து, தரையில் காலைத் தட்டினால் அவளுக்கு அது உட்கார்ந்த இடத்தில் தெரிகிறது என்று பிடித்துவிட்டேன். நான் தட்டினால் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான். சட்டையில் ஆறு. மூன்று நாள் மேலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தேன், ஒன்று கூட நுழையவில்லை. நாலாவது நாள் எனக்கே அலுத்துப்போய் ஐந்தை நானே போட்டுவிட்டுக் கடைசி ஒன்றை மட்டும் அவனிடம் விட்டேன். நுழைத்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் கடைசி இரண்டை விட்டேன், அதற்கு மறுநாள் மூன்றை. இப்படிப் பழக்குவதற்குப் புத்தகத்தில் ஒரு பெயரே இருக்கிறது என்று பிறகு படித்தபோது சிரிப்பு வந்தது. நான் அதைக் கண்டுபிடித்தது முழுக்கச் சோம்பலால். ஒன்பதாம் நாள் அண்ணன் ஆறையும் தானே போட்டான். பெரியம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல நாக்கு துடித்தது. முகாமில் அவளே பார்க்கட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். பெற்றவர்கள் பின்னால் பேசிக்கொண்டு வர, நான் என் மூன்று பேரையும் முன்னால் நடத்திப் போனேன். பாப்பாவின் கை என் கையில். பாய் மகனின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். அரிசி மில் சுவர் நிழலில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினோம். அண்ணன் என் முன்னால் போகவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. தலைமை தாங்குவது எனக்கு இயல்பாக வருகிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முதலில் பாய் மகனைக் கூப்பிட்டார்கள். குச்சியைப் பெஞ்சில் வைத்துவிட்டு விறைப்பாக நடந்தான். வாய்விட்டு எண்ணிக்கொண்டே போய், பதினொன்றில் டாக்டரின் மேசைமேல் விழுந்தான். முத்திரை குத்தும் மைப்பெட்டி அவன் சட்டையில் கவிழ்ந்தது. டாக்டர் காலைத்தான் பார்த்தார், நடையைப் பார்க்கவில்லை. அட்டைக்கு எழுதிவிட்டார். குச்சி எங்கே என்று பாய் கேட்டதற்கு, "அக்காதான் இல்லாம நடக்கணும்னு சொல்லிச்சு அத்தா" என்றான் பையன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்தது பாப்பா. டாக்டர் அவள் பின்னால் நின்று மேசை மணியை அடித்தார். ஓரமாக நின்றிருந்த நான் காலைத் தட்டினேன். பாப்பா திரும்பினாள். மறுபடி மணி, மறுபடி காலைத் தட்டினேன், மறுபடி திரும்பினாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பாப்பாவின் அம்மா முகம் வெளிறி, இவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காதுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் முறை டாக்டர் என் காலைப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. என்னை வெளியே அனுப்பச் சொன்னார். நான் போனபிறகு பாப்பா ஒருமுறை கூடத் திரும்பவில்லை. அவளுக்கும் அட்டை கிடைத்தது. வெளியே வந்ததும் அவள் அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் நாலு நாள் கன்றிப்போயிருந்தது.

அதற்குள் பெரியம்மாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"அண்ணனுக்கு இன்னா சொல்லிக் குடுத்துகினு இருந்த?"

"சட்டை பட்டன். ஆறும் போடுவான் பெரியம்மா."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். குரல் உள்ளே போய்விட்டது. "போன வருசம் டாக்டரு பேரு கேட்டாரு. என்னிக்கும் இல்லாம அன்னிக்குன்னு பளிச்சுனு சொல்லிட்டான். பையன் நல்லாத்தானே இருக்கான்னு அனுப்பிட்டாங்க. அவனால முடியாதுன்னு பாத்தாத்தான்டி அட்டை."

ஒன்றைச் செய்யத் தெரியாததற்காக ஒன்றைக் கொடுப்பார்கள் என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொன்னதில்லை. யோசிப்பதற்குள் அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள். பெரியம்மா அவனை அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது அவன் காதில் எதையோ சொன்னாள். அவன் சிரித்தான். எனக்கு உள்ளே இடமில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் அண்ணனின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்க்கச் சட்டையைத் திறந்தார். பெயர் கேட்டார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவர் சாதாரணமாக, சட்டையைப் போட்டுக்கோப்பா என்றார். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணன் மேல் பொத்தானைப் பிடித்தான். நான் காட்டிய அதே இடத்தில், இரண்டே விரலால். மறு கையில் துளையின் ஓரத்தையும் பிடித்துவிட்டான். அவன் போடக் கூடாது, போட்டால் வேலூர் இல்லை, பஸ் பாஸ் இல்லை, பெரியம்மா மறுபடி அடுப்பைப் பற்றவைக்காமல் உட்காருவாள். எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அவன் போட்டுவிட வேண்டும் என்று உள்ளுக்குள் தவித்தேன். ஜன்னல் கம்பியில் என் விரல்கள் தாமாக அசைந்தன.

அவன் போடவில்லை. பொத்தானைப் பிடித்தபடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அப்படியே நின்றான். டாக்டர் இன்னொரு முறை சொன்னார். நின்றான். டாக்டர் நல்ல பொறுமைசாலி, வெகுநேரம் பார்த்திருந்தார். கடைசியில் எழுந்து தானே அவனுக்கு இரண்டு பொத்தானைப் போட்டுவிட்டு, உட்கார்ந்து எழுதினார்.

பெரியம்மா வெளியே வந்து படியில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அப்பாடா" என்றாள், இரண்டு முறை. பாப்பாவின் அம்மாவும் பாயும் அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள், பாய் தன் மகனின் மைச்சட்டையைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். வரும் வழியில் பெரியம்மா எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள், எனக்கும் சேர்த்து. என் நெஞ்சிலிருந்தும் பெரிய பாரம் இறங்கியது. ஆனால் ஓரத்தில் கொஞ்சம் வலித்தது. ஏன்ணா போடல என்று கேட்டேன். அண்ணன் கலரைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டான்.

வீட்டில் பெரியப்பா அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சேதி வரும் வரை வேலையே ஓடவில்லை அவருக்கு. இப்போது தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். பெரியம்மா அண்ணனுக்கு வீட்டுச் சட்டையை மாட்டி, பொத்தானைப் போடாமல் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். தறி ஓடத் தொடங்கியது.

பலகை அடிக்கிற சத்தம் ஒன்று விழுந்ததும் அண்ணன் மேல் பொத்தானைப் பிடித்தான். அடுத்த அடிக்கு நுழைத்தான். அதற்கடுத்த அடிக்கு இழுத்தான். இரண்டாவது பொத்தான், மூன்றாவது. நூல் தீர்ந்து, பெரியப்பா தார் மாற்றத் தறியை நிறுத்தினார். அண்ணனின் கையும் நின்றது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது. தறி மறுபடி ஓடியது, கையும் ஓடியது.

பத்து நாளும் அந்தச் சத்தம் எங்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. தறி ஓடும் வீட்டில் பிறந்த எனக்கு அது காதிலேயே விழுந்ததில்லை. நடுநடுவே அவன் நிற்பான், நான் அதட்டுவேன், திரும்பத் தொடங்குவான், என் அதட்டலுக்குத்தான் என்று பெருமைப்பட்டிருந்தேன். முகாம் நடந்த பள்ளிக்கூடத்தில் அவன் அடம் பிடிக்கவில்லை, மறக்கவும் இல்லை. தறி ஓடட்டும் என்று நின்றிருக்கிறான்.

"பெரியம்மா, வந்து பாரு" என்று கத்தினேன்.

கரண்டியோடு வந்தவள் வாசற்காலில் நின்றுவிட்டாள். அண்ணன் ஆறாவது பொத்தானை இழுத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். பெரியம்மா புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து கொட்டியது. பகலில் அவன் முடியாமல் நின்றதற்குத்தான் அப்படி நிம்மதியாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அது எனக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டிருந்தது. அப்படியென்றால் இப்போது அவன் போட்டுவிட்டதற்குப் பயந்து அழுகிறாள். டாக்டருக்குத் தெரிந்தால் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாத பெரியம்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வேணும்னா நாளைக்கே மறக்க வெச்சிடறேன்."

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு என்னையும் அண்ணனையும் சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அழுகை இன்னும் கூடியது. அந்த இறுக்கத்துக்குள் நின்றபடி, பத்து நாளில் பழக்கியதை மறக்க வைக்க எத்தனை நாள் ஆகும் என்று நான் மும்முரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.